உயிர்ப்பை அறிதல்

நமது கல்லூரி விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, எப்பொருளைப் பற்றி எழுதுவதென யாம் நெடுநேரம் சிந்தித்தோம். மலரைப் படிப்போர் பல திறத்தினர். எழுபது வயதைக் கடந்து பேரப்பிள்ளைகளோடு வாழும் பழைய மாணவர் ஒருபால். கடல் கடந்து குளிர் நாடுகளிற் குடியேறியோர் ஒருபால். பரீட்சைக்கு நாள் எண்ணும் மாணவர் ஒருபால். அவர்களை அதற்கு ஆயத்தஞ் செய்யும் ஆசிரியர் ஒருபால். இவரெல்லார்க்கும் பொதுவாயதொரு பொருள் வேண்டும். அது செல்வரும் வறியரும் ஒப்பக் கைக்கொள்ளத்தக்கதாய் இருத்தல் நன்று. இவ்வாறு எண்ணியிருந்தவிடத்து எமது மூச்சே எமக்கு விடையாய் அமைந்தது.

மூச்சு எல்லார்க்கும் உண்டு. பிறந்த கணத்திலே தொடங்கி இறக்குங் கணம் வரை ஓயாது நிகழ்வது அது. ஆயினும், நாளொன்றில் ஒருமுறையேனும் அதனை உற்று நோக்குவோர் நம்முள் எத்துணைப் பேர்? தடிமன் பிடித்து மூக்கடைத்தபோதும், முட்டு வருத்தம் கண்டபோதும் அன்றி நாம் அதனை நினைப்பதில்லை. நாம் அறியாமலே நிகழும் மூச்சை அறிந்து நிகழ்த்துவதாற் பெறும் பயன் யாது, அப்பயன் எவ்வழியால் விளைகின்றது, அதன் எல்லை யாது என்னும் மூன்றினையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

தமிழிலே மூச்சு விடுதலுக்கு ‘உயிர்த்தல்’ என்றொரு பெயருண்டு. நெட்டுயிர்ப்பு என்பது பெருமூச்சு. உயிரும் உயிர்ப்பும் ஒரு வேரிலே பிறந்த சொற்கள். வாழ்தலையும் மூச்சு விடுதலையும் நம் முன்னோர் வேறாகக் கருதவில்லை என்பது இதனாற் பெறப்படும். தடையின்றி மூச்சு வெளிப்பட ஒலிக்கும் எழுத்துகளுக்கு உயிரெழுத்து என்று பெயரிட்டதும் நோக்கத்தக்கது.

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகளின் பிறப்பைக் கூறப் புகுந்தவர், நாவிலிருந்தோ இதழிலிருந்தோ தொடங்கினாரல்லர். கொப்பூழிலிருந்து எழும் காற்றிலே தொடங்குகின்றார். அக்காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகின்றது என்பது அவர் கருத்து. எனவே தமிழிலக்கணத்திலே ஒலியின் கதை மூச்சின் கதையாகவே தொடங்குகின்றது. மேலும், எழுத்தொலியை அளக்கும் கருவியாகிய மாத்திரை, கண்ணிமைக்கும் பொழுதும் கைந்நொடிக்கும் பொழுதுமாகும். யோக நூலார் மூச்சை அளப்பதற்குக் கொண்ட அளவும் மாத்திரையே. யாப்பிலக்கணம் கற்ற மாணவன் மூச்சின் கணக்கினைப் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை.

பழந்தமிழிற் காற்றுக்குக் ‘கால்’ என்றும் ‘வளி’ என்றும் பெயர்களுண்டு. விநாயகரகவலிலே யோகநெறி கூறப்படுமிடத்துக் கால் என்னுஞ் சொல் பாதத்தைக் குறியாது மூச்சுக் காற்றைக் குறித்து நிற்றலை ஆசிரியர்கள் வகுப்பிலே விளக்கக் கேட்டிருப்பீர்கள். சிறுவயதில் யாம் அதனைப் பாதம் என்றே கொண்டு பாடிவந்தோம்!

முன்னோர் கண்ட முறை

பதஞ்சலி முனிவர் வகுத்த எட்டுறுப்புகளுள் பிராணாயாமம் நான்காவது. இயமம், நியமம், ஆசனம் ஆகிய மூன்றும் அதற்கு முன்னே வைக்கப்பட்டுள்ளன. இம்முறைவைப்பு வீணாகச் செய்யப்பட்டதன்று. ஒழுக்கமும் தூய்மையும் உடையவனாய், உடலை அசைவின்றி நிறுத்தப் பழகிய பின்னரே ஒருவன் மூச்சிலே கைவைத்தல் தகும் என்பது அதன் கருத்து. இன்று நம்மிற் பலர் முதன் மூன்று படிகளையும் தாண்டி நான்காம் படியிலே காலை வைக்க விரும்புகின்றோம். அதனால் விளையும் இடரைப் பின்னர்க் கூறுவோம்.

சைவத் திருமுறைகளுள் பத்தாவதாகிய திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் இவ்வெட்டுறுப்புகளையும் தமிழிலே விரித்துரைக்கின்றது. காற்றை உள்ளே வாங்குதல் பூரகம். உள்ளே நிறுத்துதல் கும்பகம். வெளியே விடுதல் இரேசகம். இவற்றுக்குத் திருமூலர் முறையே 16, 64, 32 மாத்திரை என அளவு கூறுகின்றார். அஃதாவது ஒன்றுக்கு நான்குக்கு இரண்டு என்னும் விகிதம். வாங்குதலினும் விடுதல் இருமடங்கு நீண்டது என்பதனை இங்கே கருத்தில் இருத்திக்கொள்க. சைவ தீட்சை பெற்றோர் செய்யும் சந்தியாவந்தனத்திலும் பிராணாயாமம் ஓரங்கமாய் அமைந்துள்ளது.

ஒரு நாளிலே மனிதன் விடும் மூச்சு 21,600 என்பது மரபு வழிவந்த கணக்கு. இதனைச் சற்றே பரிசோதிப்போம். நாளொன்றுக்கு நாழிகை 60. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். 21,600ஐ 60ஆற் பிரித்தால் நாழிகைக்கு 360 மூச்சு; அதனை 24ஆற் பிரித்தால் நிமிடத்துக்கு 15 மூச்சு. ஓய்ந்திருக்கும் வளர்ந்தோர் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுவர் என்பது இக்கால மருத்துவ நூல்களிற் காணப்படும் அளவு. மணிக்கூடு கையிலே கட்டாத காலத்து முன்னோர் கூறிய எண் அவ்வளவின் நடுவே வந்து நிற்றல் மகிழ்ச்சி தருவதே.

அண்மைக்காலத்து வரலாற்றையும் ஒருசிறிது கூறுதல் வேண்டும். சுவாமி விவேகானந்தர் இராசயோகம் பற்றி ஆற்றிய விரிவுரைகள் 1896ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. பிராணனைப் பற்றியும் பிராணாயாமத்தைப் பற்றியும் அந்நூல் விரித்துப் பேசுகின்றது. அதற்கடுத்த 1897ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மேனாட்டிலிருந்து மீண்ட சுவாமிகள் கொழும்பிலே கரையிறங்கி, யாழ்ப்பாணத்துக்கும் எழுந்தருளி, அங்கே இந்துக் கல்லூரியிற் சொற்பொழிவாற்றினார்கள். பின்னர் 1924ஆம் ஆண்டிலே சுவாமி குவலயானந்தர் பூனா நகருக்கு அணித்தாகிய உலோனாவலாவில் கைவல்லியதாமம் என்னும் நிலையத்தை நிறுவி, யோகப் பயிற்சிகளை ஆய்வுகூடத்துக் கருவிகளால் அளந்தறியும் முயற்சியைத் தொடங்கினார். நம்பிக்கையோடு நில்லாது அளந்து பார்த்தலும் நம் மரபிலே இடம்பெற்றது இவ்வாறே.

உடலிலே நிகழ்வது யாது?

இனி மூச்சின் இயல்பை உடற்றொழிலியல் வழிநின்று பார்ப்போம். நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையிலே கவிழ்த்த சட்டிபோல அமைந்த தசையொன்றுண்டு. அதனைப் பிரிமென்றகடு என்பர். அது சுருங்கிக் கீழிறங்குகையில் நெஞ்சறை விரிய, காற்று உட்புகுகின்றது. அது தளர்ந்து மேலெழுகையிற் காற்று வெளியேறுகின்றது. பிரிமென்றகடு கீழிறங்கும்போது வயிறு சற்றே முன்தள்ளும். உறங்குங் குழந்தையின் வயிற்றைப் பாருங்கள். இது நன்கு புலப்படும். அச்சமும் அவசரமும் கொண்ட மனிதரோ வயிற்றை இறுக்கி, தோளையும் மேல் நெஞ்சையும் உயர்த்தி மூச்சு வாங்குவர். அம்மூச்சு மேலோட்டமானது.

மேலோட்டமான மூச்சினால் வரும் நட்டத்தைக் கணக்கினால் விளக்கலாம். ஓய்ந்திருக்கும் ஒருவர் ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் காற்றை வாங்குகின்றார். அதிலே ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் மூக்கு, தொண்டை, வாதனாளி முதலிய வழியிலேயே தங்கிவிடுகின்றது. எஞ்சியதே நுரையீரற் சிற்றறைகளை அடைந்து குருதியோடு உறவாடுகின்றது. மூவர் நிமிடத்துக்கு 6 இலீற்றர் காற்றையே வாங்குகின்றனர் என்று கொள்வோம். முதல்வர் 250 மில்லிலீற்றர் வீதம் 24 முறை வாங்குகின்றார். இரண்டாமவர் 500 வீதம் 12 முறை. மூன்றாமவர் 1,000 வீதம் 6 முறை. ஒவ்வொரு மூச்சிலும் 150ஐக் கழித்துப் பெருக்கிப் பாருங்கள். முதல்வருக்குச் சிற்றறையை அடைவது 2.4 இலீற்றர், இரண்டாமவருக்கு 4.2, மூன்றாமவருக்கு 5.1. உழைப்பு மிகுந்தவர் முதல்வர். ஊதியம் குறைந்தவரும் அவரே. கடைவாசலுக்குப் பலமுறை ஓடி உள்ளே புகாமலே திரும்புபவன் நிலை அவர் நிலை.

இங்கே ஒரு தவறான கருத்தை நீக்குதல் கடமையாகும். ஆழ்ந்து மூச்சு வாங்கினால் உடலில் ஒட்சிசன் பெருகி, அதனால் ஊக்கம் பெருகும் என்று பலர் கூறுவர். நலமுள்ள ஒருவரின் குருதியிலுள்ள ஈமோகுளோபின், அவர் சும்மா இருக்கும்போதே நூற்றுக்கு 95 பங்கிற்கு மேல் ஒட்சிசனால் நிரம்பியிருக்கின்றது. நிரம்பிய குடத்திலே மேலும் நீர் வார்த்தாற் பயன் என்னை? நாம் வாங்குங் காற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு 21 பங்கு. வெளிவிடுங் காற்றிலும் ஏறத்தாழ 16 பங்கு மிஞ்சியிருக்கின்றது. எனவே நலமுள்ளோர்க்கு ஓய்வு வேளையிற் குறைவாயிருப்பது ஒட்சிசன் அன்று.

அங்ஙனமாயின் மெல்லிய நீண்ட மூச்சினால் அமைதி வருவது எவ்வாறு? அது நரம்பு வழியே வருகின்றது. நெஞ்சத் துடிப்பு, குடலின் அசைவு, குருதிக் குழாய்களின் சுருக்கம் ஆகியவை நம் ஏவலுக்கு நேரே கட்டுப்படுவனவல்ல. ‘இருதயமே, மெல்லத் துடி’ என்று எவரும் ஆணையிட முடியாது. மூச்சோ இரு தலைவர்க்குக் கீழ்ப்படியும் ஏவலன். உறங்கும்போது நீள்வளைய மையவிழையம் அதனை நடத்துகின்றது. விழித்திருக்கும்போது நாம் விரும்பினால் நாமே நடத்தலாம். அகத்தே மறைந்து தொழில் செய்யும் உறுப்புகளின் மாளிகைக்கு நாம் திறக்கக்கூடிய வாயில் மூச்சு ஒன்றே எனலாம். முன்னோர் மனத்தை அடக்க விரும்பி மூச்சைப் பற்றியது இக்காரணத்தாலே.

இதனை இப்பொழுதே சோதித்தறியலாம். இடக்கை மணிக்கட்டிலே வலக்கை விரல்களை வைத்து நாடியைப் பாருங்கள். மெல்ல மூச்சை வாங்குக. நாடி சற்று விரையும். மெல்ல விடுக, நாடி சற்றுத் தாழும். இளைஞரிடத்து இவ்வேறுபாடு மிகத் தெளிவாய்த் தோன்றும். சேர்மனி நாட்டு உடற்றொழிலியலாளராகிய கார்ல் லூட்விக் 1847ஆம் ஆண்டிலே இதனைக் கருவியாற் பதிந்து காட்டினார். வெளிமூச்சின்போது, இருதயத்தை அமைதிப்படுத்தும் அலையுநரம்பின் ஆட்சி மேலோங்குகின்றது. ஆதலின் வெளிமூச்சை நீட்டுந்தோறும் அவ்வாட்சியும் நீள்கின்றது. திருமூலர் பூரகத்தினும் இரேசகத்தை இருமடங்காக்கியதை முன்னர்க் கருத்தில் இருத்துமாறு கூறினோமல்லவா? இப்பொழுது அதன் சிறப்பு விளங்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2001ஆம் ஆண்டிலே பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் இத்தாலிய ஆய்வாளர் சிலர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கத்தோலிக்கரின் செபமாலையைச் சொல்லும்போதும், பௌத்தரின் மந்திரமொன்றை உருவேற்றும்போதும், மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்து, இருதயத் துடிப்பும் குருதியமுக்கமும் ஓர் ஒழுங்கிலே ஏறியிறங்கின என்பது அவர் கண்டது. சமயங்கள் வேறு, மொழிகள் வேறு; மூச்சின் அளவு ஒன்று. நம் ஓதுவார்கள் தேவாரத்தைப் பண்ணோடு நீட்டிப் பாடும்போதும் மூச்சைச் சட்டென வாங்கி நெடிது விடுகின்றனர். நாகசுரக்காரர் செய்வதும் அதுவே. பாடுவோர் மனம் தெளிவதற்கு அருளோடு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

மூக்கினால் மூச்சு விடுதலின் சிறப்பையும் கூறி அமைவோம். மூக்கு காற்றை வடிகட்டுகின்றது, வெப்பமூட்டுகின்றது, ஈரமூட்டுகின்றது. மூக்கையடுத்த எலும்பறைகளிலே நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயு உண்டாகி, உட்செல்லும் மூச்சோடு கலந்து நுரையீரற் குருதிக் குழாய்களை விரிவிக்கின்றது என்பது 1990களிலே கண்டறியப்பட்டது. வாயாற் சுவாசிப்போர் இப்பயனை இழப்பர்.

ஓர் எச்சரிக்கை

யாம் பதினேழு வயதினராய் இருந்தபோது கோயிற்றிருவிழாக் கடையொன்றிலே யோகம் பற்றிய சிறு புத்தகமொன்றை வாங்கினோம். அது எந்நூலென்று இங்குக் கூறுதல் வேண்டா. அதிலே 16, 64, 32 என்னும் கணக்கு இருந்தது. குருவிடம் கற்க என்னும் அறிவுரை இருந்ததாக நினைவில்லை. விடியற்காலையிலே கிணற்றடியில் அமர்ந்து 64 எண்ணும் வரை மூச்சை அடக்கலானோம். அடக்கியபின் ஆற்றாது, பத்திருபது முறை வேகமாக மூச்செறிவோம். மீண்டும் அடக்குவோம். நான்காம் நாட் காலையில் விரல்களும் உதடுகளும் விறுவிறுத்தன, தலை சுழன்றது, இறந்துவிடுவோம் என்னும் பேரச்சம் பிடித்துக்கொண்டது. கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி நிலத்திலே இருந்துவிட்டோம். வீட்டாரிடம் சொல்லவுமில்லை.

அன்று நிகழ்ந்ததன் காரணத்தைப் பல்லாண்டு கழித்தே கற்றோம். வேகமாக மூச்செறிந்தால் ஒட்சிசன் பெரிதும் கூடுவதில்லை. ஆனாற் காபனீரொட்சைட்டுக் கழிந்து போகின்றது. அது மிகக் குறைந்தால் மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும், விரல் விறைக்கும். காபனீரொட்சைட்டு வெறும் கழிவுப்பொருளன்று. மூச்சு வேண்டும் என்னும் உந்துதலை நமக்குத் தருவது பெரிதும் அதுவே என்பதனை 1905ஆம் ஆண்டிலே ஹால்டேன், பிறீஸ்லி என்னும் பிரித்தானிய அறிஞர் இருவர் நிறுவினர்.

இளைஞர்கள் இதனை ஏட்டறிவாக மட்டும் கொள்ளற்க. கீரிமலைக் கேணியிலே நீருக்கடியில் நெடுநேரம் இருப்பவர் யார் என்று போட்டியிடாத மாணவர் நம்மில் அரியர். மூழ்குமுன் பலமுறை வேகமாக மூச்செறிந்தால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று யாமும் நம்பியிருந்தோம். தாக்குப்பிடிக்கலாம் என்பது மெய்யே. ஆபத்தும் அங்கேயே உள்ளது. காபனீரொட்சைட்டைக் கழித்துவிட்டமையால் மூச்சு வேண்டும் என்னும் எச்சரிக்கை பிந்தி வரும். அது வருமுன் ஒட்சிசன் தீர்ந்து, நீருக்குள்ளேயே உணர்விழத்தல் நேரும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இவ்வாறு மாண்டதுண்டு. இப்பகுதியைப் படிக்கும் ஒரு மாணவனாவது அவ்வழக்கத்தை விடுவானாயின், இக்கட்டுரை எழுதிய பயனைப் பெற்றோம்.

எமது அச்சத்தை முகத்திலே கண்டுகொண்டவர் எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர். தனியே அழைத்து விசாரித்தார். நிகழ்ந்ததைச் சொன்னோம். அவர் சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை. “தம்பி, துலாவிலே தண்ணீர் அள்ளுகின்றாயே, வாளியை இறக்கும்போது கொடியைச் சட்டென்று கைவிடுவாயோ? கைக்குள்ளே மெல்ல மெல்ல அல்லவோ விடுகின்றாய்! மூச்சை விடவும் அவ்வாறே பழகு. அடக்குவதைப் பற்றி இப்பொழுது நினையாதே. நன்றாக விடத் தெரிந்தவனுக்கு வாங்குவது தானே வரும்” என்றார். இன்றுவரை யாம் பின்பற்றுவது அவ்வாசிரியர் சொல்லையே.

பயிலும் முறை

இனி நாள்தோறும் கைக்கொள்ளத்தக்க எளிய முறையொன்றைக் கூறுவோம். இதிலே கும்பகம் இல்லை. கும்பகத்தைப் பயில விரும்புவோர் தக்க ஆசிரியரை அடுத்து முறைப்படி கற்க.

முதலாவது, இடமும் காலமும். காலையில் உணவுக்கு முன்னரும், மாலையில் விளக்கேற்றிய பின்னரும் ஏற்ற வேளைகள். உண்டவுடன் செய்யற்க. காற்றோட்டமுள்ள இடமாக இருத்தல் வேண்டும். அடுப்புப் புகையும், நுளம்புத்திரிப் புகையும், தெருப்புழுதியும் உள்ளவிடத்தில் ஆழ்ந்து மூச்சு வாங்குதல் நன்மையைத் தீமையாக்கும்.

இரண்டாவது, இருக்கை. பாயிலே சப்பாணி கட்டி இருக்கலாம். முழங்கால் நோவுடைய முதியோர் கதிரையிலே இருக்கலாம். முதுகும் கழுத்தும் நேராயிருக்க, தோள்கள் தளர்ந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பார்த்தல். முதல் மூன்று நாட்களும் மூச்சை மாற்ற முயலற்க. அது வருவதையும் போவதையும் மூக்கு நுனியிலே உணர்ந்திருக்க. நிமிடத்துக்கு எத்தனை என எண்ணிக் குறித்துக்கொள்க. மனம் கடைக்கும் வயலுக்கும் பரீட்சைக்கும் ஓடும். ஓடியதை அறிந்தவுடன் சினவாது மீட்டுக்கொண்டு வருக. அவ்வாறு மீட்டலே பயிற்சியின் உயிர்நிலை.

நான்காவது, வயிற்று மூச்சு. ஒரு கையை நெஞ்சிலும் மற்றக் கையை வயிற்றிலும் வைத்துக்கொள்க. வாங்கும்போது வயிற்றின்மேலுள்ள கை உயர்தல் வேண்டும். நெஞ்சின்மேலுள்ள கை பெரிதும் அசைதலாகாது.

ஐந்தாவது, அளத்தல். நான்கு எண்ணும் வரை மூக்கினால் வாங்குக. ஆறு எண்ணும் வரை மூக்கினாலேயே விடுக. ஓர் எண்ணுக்கு ஒரு விநாடி வீதம் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இது கடினமாயின் மூன்றுக்கு நான்கு எனத் தொடங்குக. எண்ணுதற்கு மாறாகத் திருவைந்தெழுத்தை மனத்துள் எண்ணுவோர் அவ்வாறே செய்க. மூச்சைப் பெரிதாக வாங்கிப் புடைக்க வேண்டுவதில்லை. பக்கத்திலே இருப்பவர்க்குக் கேளாதபடி மெல்லென்று நடத்தல் வேண்டும். ஐந்து நிமிடத்திலே தொடங்கிப் பத்து நிமிடமாக நீட்டலாம்.

தலை சுற்றினாலும், நெஞ்சு படபடத்தாலும் உடனே நிறுத்தி இயல்பாக மூச்சு விடுக. முட்டு வருத்தம், இருதயநோய் உடையோரும், கருவுற்ற மகளிரும் வைத்தியரைக் கேட்டே தொடங்குக. மெல்லிய மூச்சுப் பயிற்சியினாற் குருதியமுக்கம் சிறிதளவு தாழ்வதாக ஆய்வுகள் காட்டுவது உண்மை. அதனை நம்பி மருந்தை நிறுத்துதல் பேதைமை. சென்ற தலைமுறையிலே அவ்வாறு நிறுத்தி வாதத்தினால் விழுந்தவர் எம் உறவினருள்ளும் உளர்.

மாணவர்க்குச் சிறப்பாக ஒன்று கூறுவோம். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைப் புரட்டியவுடன் எல்லாம் மறந்துவிட்டதுபோலத் தோன்றுங் கணம் ஒன்று உண்டு. அறிவு அப்பொழுது அழிந்துவிடவில்லை. அச்சம் அதன்முன் வந்து நிற்கின்றது. பேனையைக் கீழே வைத்துவிட்டு, ஆறு முறை நீள மூச்சை விடுங்கள். செலவு ஒரு நிமிடம். கல்லாததை அது கற்பித்துத் தராது. கற்றதை எடுத்துத் தர உதவும். ஆனால் பரீட்சையன்று மட்டும் இதனைச் செய்யலாம் என்று எண்ணற்க. நாள்தோறும் பழகாத கருவி வேண்டிய நாளிலே கைக்கு வாராது.

நோய்ப்படுக்கையிலே கற்றது

2021ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் நாடெங்கும் பரவியிருந்தபோது எம்மையும் அது பற்றியது. வைத்தியசாலையிலே ஒன்பது நாட் கிடந்தோம். ஐம்பது ஆண்டுகளாக மூச்சைப் பயின்ற பெருமை முதல் நாளிலேயே நீங்கியது. நிமிடத்துக்கு ஆறு எங்கே! முப்பது மூச்சு விட்டும் போதவில்லை. நுரையீரல் நோயுற்றபோது குடம் நிரம்பியிருப்பதில்லை. அப்பொழுது வேண்டுவது ஒட்சிசனே. எம் உயிரைக் காத்தவை ஒட்சிசனும், மருந்தும், இரவு பகலாக நின்ற வைத்தியரும் தாதியரும் என்பதனை ஐயத்துக்கிடமின்றி இங்கே எழுதி வைக்கின்றோம். மூச்சுப் பயிற்சி நோயை மாற்றும் என்று யாரேனும் உங்களிடம் கூறினால், எம்மைச் சான்றாகக் காட்டி மறுத்துவிடுங்கள்.

ஆயின் அது உதவாமற் போகவுமில்லை. வலப்பக்கத்துக் கட்டிலிலே இளைஞர் ஒருவர் இருந்தார். இரவானால் அச்சம் மேலிட்டு, முகமூடியைப் பிடுங்க முயல்வார். அவரிடம், “தம்பி, வாங்குவதை விடும். வாயைக் குவித்து, விளக்குச் சுடர் அணையாதபடி ஊதுவதுபோல விடும். யாமும் சேர்ந்து விடுகின்றோம்” என்றோம். இருவருமாக விட்டோம். நாலைந்து நிமிடத்திலே அவர் கை முகமூடியை விட்டுக் கீழே இறங்கியது. முகமூடி இருந்ததனாலே ஒட்சிசன் போயிற்று. ஒட்சிசன் போனதனாலே அவர் பிழைத்தார். எம் பங்கு அவ்வளவே.

இடப்பக்கத்துக் கட்டிலிலே முதியவர் ஒருவர் இருந்தார். நாள்தோறும் சந்தியாவந்தனஞ் செய்தவர். மூச்சின் நெறியை எம்மினும் நன்கறிந்தவர். ஐந்தாம் நாள் அவர் காலமானார். அறிந்தவர் போனார், அறியாதவர் மீண்டார். இதனை மறைத்து எழுதுவோமாயின் இக்கட்டுரை பொய்யாகிவிடும். ஆயினும் அவ்வைந்து நாட்களில் ஒருபொழுதேனும் அவர் முகத்திலே அச்சத்தை யாம் கண்டிலோம். மூச்சு முட்டியபோதும், தாதி வந்து போர்வையைச் சரிசெய்தாற் கைகூப்புவார். மூச்சை அறிதலின் பயன் யாது என்று எம்மைக் கேட்போர்க்கு, கணக்குகளையும் ஆய்வுகளையும் கூறியபின், ஈற்றிலே யாம் நினைப்பது அக்கூப்பிய கைகளையே.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். மெல்லிய நீண்ட மூச்சு, காற்றை வீணாக்காது சிற்றறைகளுக்குச் செலுத்துகின்றது. வெளிமூச்சை நீட்டுதல் அலையுநரம்பின் வழியே இருதயத்தை அமைதிப்படுத்துகின்றது. அமைதியுற்ற உடல் உழைப்புக்கும் கல்விக்கும் வேண்டும் வலிமையைச் சிதறாது வைத்துக்கொள்கின்றது. ஊக்கம் என்பது இவ்வாறு மிச்சம் பிடித்த வலிமையே. மூச்சை வலிந்து அடக்குதலும் வேகமாக எறிதலும் தனித்துப் பயிலத்தக்கன அல்ல. மூச்சுப் பயிற்சி மருந்துக்கு மாற்றன்று, மனத்துக்குத் துணை.

நம் கல்லூரியிலே காலைப் பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குச் செல்லுமுன், எல்லாரும் இருந்தபடியே ஆறு மூச்சு மெல்ல விடும் வழக்கத்தை ஏற்படுத்தினால் என்ன என்று அதிபருக்கும் ஆசிரியர்களுக்கும் பணிவுடன் விண்ணப்பிக்கின்றோம். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. பாடவேளை குறையாது. பழைய மாணவர்கள் எந்நாட்டில் இருந்தாலும் அவ்வொரு நிமிடத்தைத் தம் வீட்டிலே கடைப்பிடிக்கலாம். சிதறிக் கிடக்கும் நாம் மீண்டும் ஒரு மண்டபத்திலே கூடுதல் அரிது. ஒரே அளவிலே மூச்சு விடுதல் அரிதன்று.

துலாக்கொடியைக் கைக்குள்ளே மெல்ல விடக் கற்பித்த அவ்வாசிரியர் இன்று இல்லை. அவர் கற்பித்த கேத்திரகணிதத்திற் பெரும்பகுதியை மறந்துவிட்டோம். மூச்சு விடக் கற்பித்ததை மறந்திலோம். கல்லூரி நீடு வாழ்க! அதன் மைந்தர் அமைதியோடும் உரத்தோடும் வாழ்க!